முடிச்சுக்குக் கீழே வந்த கிளை

கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் போன அன்று நான் முதலில் நின்று பார்த்தது ஒரு ரோஜாச் செடியை. ஐதராபாத் கூகட்பள்ளியில் ஹவுசிங் போர்டு காலனி வீடு. வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நடந்து போகிற அளவுக்குச் சந்து. கிழக்குப் பக்கம் என்பதால் காலை வெயில் நன்றாக விழும். அங்கே தரையிலிருந்து கிளம்பி, ஜன்னல் கம்பியைப் பிடித்து, மாடி கிரில்லைப் பிடித்து, மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் வரைக்கும் ஏறியிருந்தது ஒரு கொடி ரோஜா. இலை என்றால் அப்படி ஓர் இலை. ஆனால் ஒரு பூ கிடையாது, பேருக்கு ஒரு மொட்டு கூடக் கிடையாது.

எனக்குக் கை சும்மா இருக்காது. பட்டுப்புடவையோடு குனிந்து ஓர் இலைக் காம்பைப் பிடித்து எண்ணினேன். ஏழு சிற்றிலைகள். வீட்டு ரோஜாவுக்குப் பெரும்பாலும் ஐந்துதான். இன்னொன்றை எண்ணினேன், அதிலும் ஏழு. அடிமண்ணை விரலால் விலக்கிப் பார்த்தேன். ஒட்டுப் போட்ட முடிச்சு தெரிந்தது. முடிச்சுக்கு மேலே விரல் நீளத்துக்கு ஒரு பட்டுப்போன கட்டை நின்றது. இரண்டு மாடி உயரத்துக்கு ஏறியிருந்த அந்தப் பச்சை முழுவதும் முடிச்சுக்குக் கீழேயிருந்து வந்திருந்தது.

"அது மம்மியோட ரோஸ், ஆன்ட்டி," என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. என் கணவருடைய முதல் தாரத்து மகள். பதினொரு வயது. ஆரத்தித் தட்டைப் பார்க்கக் கூட வராதவள், நான் செடியைத் தொட்டதும் ஓடி வந்திருந்தாள். "எல்லோ கலர் வரும். இன்னும் வரல. யூ டோன்ட் டச் இட், ப்ளீஸ்."

நான் கையை எடுத்துக்கொண்டேன். மஞ்சள் வராது என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ரோஜா வளர்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நர்சரியில் நாம் வாங்குவது ஒரு செடி அல்ல, இரண்டு. கீழே வேருக்கு ஒரு காட்டு ரோஜா. வெயில், மழை, களிமண் எதையும் அது தாங்கும். அதன் பட்டையைக் கீறி, நமக்கு வேண்டிய ரோஜாவின் ஒரே ஒரு கண்ணை, அதாவது இலைக்கணுவில் இருக்கிற முளையை, உள்ளே செருகிக் கட்டுவார்கள். கண் பிடித்து முளைத்ததும் காட்டுச் செடியின் தலையை வெட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு பூப்பதெல்லாம் மேலே உள்ளது, உழைப்பதெல்லாம் கீழே உள்ளது. என்றைக்காவது மேலே உள்ளது செத்துப்போனால் கீழே உள்ளது சும்மா இருக்காது, முடிச்சுக்குக் கீழிருந்து தன்னுடைய கிளையை விடும். அது வளர்கிற வேகத்தைப் பார்த்து, செடி பிழைத்துவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். இந்த ஏமாற்றத்தை நூறு வீடுகளில் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒசூர் பக்கம். தோட்டக்கலை படித்துவிட்டு, ரோஜாப் பண்ணையில் நாள் முழுக்க உட்கார்ந்து கண் ஒட்டியிருக்கிறேன். ஐதராபாத்துக்கு விதைக் கம்பெனி வேலைக்கு வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் நீளம். மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவேன். முப்பத்தொன்பது வயது வரைக்கும் எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு ஜாதகம் காரணமில்லை, வாய்தான் காரணம் என்று என் அம்மாவே சொல்லியிருக்கிறாள். எனக்கு இது முதல் கல்யாணம், அவருக்கு இரண்டாவது. முதல் மனைவி இறந்து அப்போது மூன்று வருஷம்.

அன்று சாயந்திரம் விருந்தாட்கள் போன பிறகு அவரிடம் கேட்டேன். "ஏங்க, அந்த ரோஜா எப்ப செத்துச்சு?"

"எது?"

"சந்துல இருக்கறது. அது காட்டுச் செடிங்க. ஒட்டு எப்பவோ போயிருச்சு. பாப்பா என்னமோ மஞ்சள் பூவுக்குக் காத்துட்டிருக்கா. நாளைக்கு நானே சொல்லிடறேன்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மதுரைக்காரர், குரலை உயர்த்தவே தெரியாதவர். அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"அவகிட்ட சொல்லிராத," என்றார். "அவ அம்மா அதை வாங்கி நட்ட மறு மாசமே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. ரெண்டு மாசம் நான் அங்கதான் கெடந்தேன். பிள்ளைய சனத்நகர்ல எங்க அக்கா வீட்ல விட்டிருந்தேன். சித்திரை வெயிலு. அத்தையக் கூட்டிட்டுப் போயிச் செடிக்குத் தண்ணி ஊத்துறது இவ பொறுப்பு. அவ அம்மா தெனம் போன்ல கேப்பா, ஊத்துனியாடின்னு. இவ ஊத்துனேம்மான்னு சொல்லுவா."

"ஊத்துனாளா?"

"தெரியாது. நான் கேக்கல." சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீயும் கேக்காத."

மறுநாள் காலையில் அவள் பள்ளி பஸ் ஏறியதும் சந்துக்குப் போய், அந்தப் பட்ட கட்டையின் நுனியை ஒடித்துப் பார்த்தேன். மஞ்சள் ரோஜாக்களுக்கு மேலிருந்து கருகி இறங்குகிற நோய் ஒன்று உண்டு. அதில் செத்திருந்தால் நடுத் தண்டில் கருப்புக் கோடு இறங்கியிருக்கும். இதில் கோடு இல்லை. உள்ளே வெளுத்துச் சுத்தமாக இருந்தது, பட்டை மட்டும் சுருங்கி வற்றியிருந்தது. தாகத்தில் செத்த செடி. எட்டு வயசுக் குழந்தை தண்ணீர் ஊற்றவில்லை. ஒடித்ததை மண்ணில் புதைத்துவிட்டுக் கையைக் கழுவினேன்.

வாயை மூடிக்கொண்டு ஒரு வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது.

தினமும் பள்ளிக்குப் போகுமுன் அவள் அதற்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவாள். மழை பெய்கிற நாளிலும் ஊற்றுவாள். "மழை பெய்யுதே, இன்னைக்கு எதுக்கு?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். "நக்கோ, நோ ஆன்ட்டி, நான் ஊத்தணும்," என்று வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். செடியை விற்கும்போது அதில் கட்டியிருந்த படம் போட்ட அட்டையைப் பென்சில் டப்பாவில் வைத்திருந்தாள். மூன்று வருஷத்தில் அந்த மஞ்சள் வெளுத்து, கிட்டத்தட்ட வெள்ளையாகியிருந்தது. என்னிடம் அதைக் காட்டி, இது லைட் எல்லோவா டார்க் எல்லோவா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அது மட்டும் உண்மை.

அவளுக்குத் தமிழ் புரியும், பேச மாட்டாள். அம்மா இருந்தவரை வீட்டில் தமிழ்தான் பேசினாளாம். அதற்குப் பிறகு பள்ளியில் பேசுகிற தெலுங்கும் இங்கிலீஷும்தான், அதட்டினால் இந்தி. நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள், அதை நான்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பேச்சைக் கேட்கிற யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை.

எனக்கென்று ஏதாவது வேண்டும் என்று மொட்டைமாடியில் தொட்டி வைக்க ஆரம்பித்தேன். தப்பு அங்கேதான் நடந்தது. ஐதராபாத் வெயிலுக்கு எந்த ரோஜா நிற்கும் என்று எனக்கு அத்துப்படி. படத்தைப் பார்த்துப் பெரிய பூவாக வாங்குகிறவர்கள் இரண்டு கோடையில் அழுவார்கள். நான் பூவையே பார்ப்பதில்லை. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பேன், முடிச்சில் காயம் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பேன், பூத்து நிற்கிற செடியை விட்டுவிட்டு மூன்று தண்டு திடமாக நிற்கிற செடியை எடுப்பேன். சிவப்பில் இரண்டு, வெளிர்சிவப்பில் ஒரு கொத்து ரோஜா, நாட்டு பன்னீர் ரோஜா ஒன்று. அக்டோபரில் மழை ஓய்ந்ததும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தேன். நவம்பர் கடைசியில் மாடி முழுக்கப் பூ.

அவள் மேலே வந்து பார்த்தாள். ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தாள். ஒரு பூவைக் கூடத் தொடவில்லை.

"உங்களுது மட்டும் எப்படி ஆன்ட்டி வருது?" என்று தெலுங்கில் கேட்டாள். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வெயில் நல்லா படுது," என்றேன்.

அதற்கடுத்த வாரம் என் எலும்புத்தூள் பை பாதியாகக் குறைந்திருந்தது. கடலைப் பிண்ணாக்கு டப்பா காலி. சந்தில் போய்ப் பார்த்தால் கொடியின் அடியில் வெள்ளையாகக் குவித்து வைத்திருக்கிறாள். அந்தச் செடிக்கு என்ன, கொண்டாட்டம். ஒரே மாதத்தில் மூன்று புதுக் கிளை விட்டு, பக்கத்து வீட்டுக் கேபிள் கம்பியை எட்டிப் பிடித்தது. அவள் அதைப் பார்த்துக் கைதட்டினாள். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்குச் சட்டென்று அழுகை வராது, அன்றைக்கு வந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவரைப் பிடித்துக் கத்தினேன். "நீங்க பாட்டுக்குச் சொல்லாத சொல்லாதன்னுட்டீங்க. இன்னும் எத்தனை வருஷத்துக்கு அந்தப் பிள்ள காத்திருக்கும்? காலேஜ் போறவரைக்குமா?" அவர் எழுந்து போய்த் தட்டுகளை எடுத்து வைத்தார். சில ஆண்களுக்கு அது ஒன்றுதான் பதில்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. உண்மையில் முதல் நாளே வந்திருக்க வேண்டும், தொழிலே அதுதானே. வேர் உயிரோடு இருக்கிறது. அவள் அம்மா குழி தோண்டி இறக்கிய வேர், அவள் மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றிய வேர். அதில் ஒரு மஞ்சள் கொடி ரோஜாவின் கண்ணை ஒட்டினால் மஞ்சள் பூக்கும். இதை வைத்து என்னையும் அவளையும் பற்றி யாராவது ஒரு தத்துவம் சொல்ல வந்தால் எனக்குப் பிடிக்காது. ஆபீசில் ஓர் அம்மாள் ஆரம்பித்தார், போதும் நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டேன். செடி செடிதான்.

மஞ்சள் தேடுவது லேசாக இல்லை. கொடி ரோஜா என்று கேட்டால் நர்சரிகளில் நீளமாக வளர்ந்த எதையும் கொடுத்துவிடுவார்கள். நான்கு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே நர்சரி நர்சரியாக அலைந்தேன். அவரிடம், உங்கள் முதல் சம்சாரம் வாங்கியது எந்த மஞ்சள், எலுமிச்சை மஞ்சளா, மாம்பழ மஞ்சளா என்று கேட்டேன். "மஞ்சன்னா மஞ்ச," என்றார். கடைசியில் நிறத்தை விட்டுவிட்டுக் குணத்தைப் பார்த்தேன். வெயிலில் கருகாததா, வளைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு பூப்பதா, முள் கொஞ்சம் குறைவா. கொடி ரோஜாவை நேராக மேலே ஏற விட்டால் உச்சியில் மட்டும்தான் பூக்கும். படுக்கை வசமாக வளைத்துக் கட்ட வேண்டும், அதற்கு வளைந்து கொடுக்கிற தண்டு வேண்டும். அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தேன். விற்க மாட்டேன், தாய்ச்செடி என்றார் நர்சரிக்காரர். எனக்குச் செடி வேண்டாம், கண்ணுள்ள ஒரு குச்சி போதும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெட்டிக் கொடுத்தார்.

ஜனவரியில் ஒரு வேலை நாள். லீவு போட்டேன். அவள் பள்ளிக்குப் போனதும் சந்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, கொடியின் அடித்தண்டில் மூன்று இடத்தில் கீறி மூன்று கண்களைச் செருகினேன். ஒசூரில் ஒரு நாளைக்கு எத்தனையோ நூறு ஒட்டியவள், அன்றைக்கு ஒவ்வொரு கீறலையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றிக் கட்டி, மேலே சருகைப் போட்டு மறைத்தேன். மூன்று வாரம் கழித்துப் பிரித்தேன். ஒன்று கருத்திருந்தது. இரண்டு பச்சையாக, குண்டாக உட்கார்ந்திருந்தன. கண்ணோடு விட்டிருந்த இலைக் காம்பை விரலால் தொட்டதும் தானாக உதிர்ந்தது. உயிர் பிடித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

சந்தோஷத்தில் எழுந்து நின்றபோதுதான் மேலே பார்த்தேன். மேலே இரண்டு மாடி உயரத்துக்குப் பச்சை.

இது எனக்குத் தெரியாததல்ல. கண் பிடித்தால் மட்டும் போதாது. அதற்கு மேலே உள்ள காட்டுச் செடியை மொத்தமாக வெட்டினால்தான் சாறு கண்ணுக்குப் போகும், கண் முளைக்கும். வெட்டாவிட்டால் அது அப்படியே தூங்கிக்கொண்டிருக்கும். மூன்று வருஷத்துக்கு மேல் அவள் தண்ணீர் ஊற்றி வளர்த்ததை ஒரு முழம் விட்டு மீதியை வெட்ட வேண்டும். அவளுக்குத் தெரியாமல் செய்யவே முடியாது.

"அவ ஸ்கூல்ல இருக்கப்ப வெட்டிரு," என்றார் அவர். "கொரங்கு ஒடச்சுப் போட்டுருச்சுன்னு சொல்லிருவோம். போன மாசம் கூட எதுத்த வீட்டு மாடிக்கு வந்துச்சே."

எனக்கு வந்ததே ஒரு கோபம். "பிள்ளைகிட்டப் பொய் சொல்ல என்னால ஆகாதுங்க. நீங்க சொல்லாம இருந்தீங்க, சரி. நான் வாயத் திறந்து பொய் சொல்ல மாட்டேன்," என்றேன். பெரிய அரிச்சந்திரன் மாதிரிச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட்டுப் படுத்திருந்தார். நான் அவளைச் சந்துக்குக் கூப்பிட்டேன். தரையில் பதித்த தண்ணீர்த் தொட்டியின் சிமெண்ட் மூடிமேல் அவள் உட்கார்ந்தாள். நான் மண்ணில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

"கண்ணு, இந்தச் செடியில மஞ்சள் பூ வராது," என்றேன். "மம்மி நட்ட மஞ்சள் ரோஜா செத்துப்போயிருச்சு. மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப நீ வளக்கறது அதோட வேருலருந்து வந்த வேற ரோஜா. நீ எவ்வளவு உரம் போட்டாலும் அது மஞ்சள் பூக்காது."

அவள் செடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. முடிச்சைக் காட்டினேன், பட்ட கட்டையைக் காட்டினேன், சருகை விலக்கி நான் ஒட்டிய இரண்டு கண்களைக் காட்டினேன். வேர் மம்மியுடையது, அது நன்றாக இருக்கிறது, இந்தக் கண் முளைத்தால் மஞ்சள் பூக்கும், ஆனால் மேலே உள்ளதை வெட்ட வேண்டும், நீ சரி என்றால்தான் வெட்டுவேன் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தது போலவே தெரியவில்லை. அந்தக் கட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்படிச் செத்துச்சு?" என்று கேட்டாள்.

தமிழில் கேட்டாள். நான் அந்த வீட்டுக்கு வந்த ஒரு வருஷத்தில் அவள் முழுதாகத் தமிழில் கேட்ட முதல் கேள்வி அது. நான் தயார் செய்து வைத்ததில் இந்தக் கேள்வி இல்லை.

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள். "நான் தண்ணி ஊத்தல ஆன்ட்டி."

அவள் அப்பாவின் மதுரைப் பேச்சு அப்படியே வந்தது, அல்லது அவள் அம்மாவின் பேச்சு. எனக்கு எப்படித் தெரியும்? அந்த அம்மாவின் குரலை நான் கேட்டதில்லை.

"அம்மா போன்ல கேக்கும். ஊத்துனேன்னு சொல்லுவேன். அத்தை வா போலாம்னு கூப்புட்டுச்சு. நான் டிவி பாத்துட்டு வரலன்னுட்டேன். ஒரு நாள்தான் போனேன். எல்லாம் காஞ்சு இருந்துச்சு. அன்னைக்கும் அம்மா கேட்டுச்சு. நல்லா இருக்குன்னு சொன்னேன். அப்பறம் அம்மா போன் பண்ணவே இல்ல." மூச்சு வாங்கியது அவளுக்கு. "அப்பறம் கீழருந்து புதுசா வந்துச்சு ஆன்ட்டி. பச்சையா வந்துச்சு. பொழச்சிருச்சுன்னு நெனச்சேன். நான் தண்ணி ஊத்தாததாலதான செத்துச்சு?"

ஐயோ, என்ன குழந்தை. எட்டு வயசில் டிவி முன்னால் உட்கார்ந்து சொன்ன ஒரு பொய்க்கு மூன்று வருஷத்துக்கு மேலாக, மழையிலும் வாளி தூக்கியிருக்கிறாள். இத்தனை நாளும் பூவுக்காகக் காத்திருந்தாள் என்று நினைத்த நான் ஒரு மடச்சி. பூ வந்தால் அவள் ஊற்றியது சரியாகிவிடும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். குழந்தைதானே, உன் மேல் என்ன தப்பு என்று சேர்த்தும் சொல்லியிருக்கலாம். புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"யார் சொன்னா தண்ணி ஊத்தாம செத்துச்சுன்னு?" என்றேன். அதட்டலாகவே சொன்னேன், எனக்கு அதுதான் வரும். "மஞ்சள் ரோஜாவுக்குன்னு ஒரு நோய் இருக்கு. மேலருந்து கருகிட்டே கீழ இறங்கும். வந்துச்சுன்னா நீ தினம் பத்து வாளி ஊத்தினாலும் நிக்காது. நர்சரியிலருந்து வரும்போதே அது இருந்திருக்கும். இங்க பாரு, கருப்பா இருக்கா?"

கட்டையைக் காட்டினேன். நான்கு மழைக்காலம் நனைந்து பூஞ்சை பிடித்து அதன் வெளிப்பட்டை கருத்திருந்தது. செத்த கட்டை எதுவும் அப்படித்தான் கருக்கும். உள்ளே பார்த்தால்தான் தெரியும். நான் வெளியே மட்டும் காட்டினேன்.

அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் கருப்பு ஒட்டியது. "நெஜமா?"

"நெஜமா."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ். நான் இதுக்குத்தான் படிச்சிருக்கேன் கண்ணு."

அவள் அழ ஆரம்பித்தாள். தொட்டி மூடிமேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாய்விட்டு, தெரு கேட்கிற மாதிரி அழுதாள். அவர் படுக்கையிலிருந்து எழுந்து சந்து முனைக்கு ஓடிவந்தார். நான் கையைக் காட்டி அங்கேயே நிறுத்தினேன். தலையைத் தடவலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிவிட்டு, "கட் பண்ணுங்க ஆன்ட்டி," என்றாள்.

கத்தரியை எடுத்து வந்து முதலில் அந்தப் பட்ட கட்டையை முடிச்சோடு ஒட்ட வெட்டி, அவள் கண்ணில் படாமல் என் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். அதற்குப் பிறகுதான் கொடியை வெட்டினேன். இரண்டு மாடிப் பச்சையை இறக்க இருட்டும் வரை ஆனது. அவள் மாடியிலிருந்து கட்டுகளை அவிழ்த்து விட்டாள், அவர் நடுவில் நின்று வாங்கினார், நான் கீழே துண்டு போட்டேன். மூன்று பேர் கையிலும் முள் கீறல். "அத்தனையும் வெட்டணுமா?" என்று அவர் ஒரு தடவை கேட்டார். "டாடி, தட் இஸ் த ப்ராசஸ்," என்று மேலிருந்து அதட்டல் வந்தது.

வேலை முடிந்து கை கழுவும்போது அவர் மெதுவாகக் கேட்டார். "என்ன சொன்ன அவகிட்ட?"

"நோய் வந்து செத்துச்சுன்னு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கீறல் பட்ட கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். அதற்கு மேல் கேட்கிற ஆள் இல்லை அவர்.

இரண்டு கண்ணில் ஒன்று மார்ச்சில் முளைத்தது. இன்னொன்று அப்படியே வாடிவிட்டது. கோடையில் நிழல்வலை கட்டினோம், அடியில் தேங்காய் மட்டை பரப்பினோம். தண்ணீரை அவள்தான் ஊற்றினாள், ஆனால் மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் ஊற்றாமல் போனாள். மழை நாளில் வாளியைத் தொடவே இல்லை. அதைப் பார்த்த அன்று எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. தூக்கத்தில் குழந்தைக்கு ஜுரம் விட்டது தெரிந்தால் இப்படித்தான் இருக்குமோ என்னமோ.

முதல் பூ அக்டோபரில் வந்தது. சின்னப் பூ. அட்டையில் இருந்த மஞ்சளா என்று யாருக்கும் தெரியாது. இப்போது ஜன்னல் உயரத்துக்குப் படுக்கை வசமாகக் கட்டியிருக்கிறோம், கணுவுக்குக் கணு பூக்கிறது. என்னை இன்னும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறாள். தமிழில் திட்டுகிறாள், தமிழில் கேலி செய்கிறாள். போன வாரம் தோழி ஒருத்தியைக் கூட்டி வந்து செடியைக் காட்டி, எங்கள் மம்மியின் பழைய செடிக்கு ஒரு டிஸீஸ் வந்துவிட்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று தெலுங்கில் விளக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் மாதிரி அவ்வளவு நிதானமாகச் சொன்னாள். நான் ஜன்னலுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பொய்தான். வாய் நீளமானவள், பட்டென்று பேசுகிறவள் என்று பெயர் வாங்கிய நான், செத்த அம்மாவின் செடியை வைத்து ஒரு குழந்தைக்குச் சத்தியம் செய்து பொய் சொன்னேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. பயப்படுகிறேன், அது வேறு. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்குத் தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதைத் தமிழில் எழுதி வைக்கிறேன்.

அலமாரியில் அவள் அம்மாவின் சமையல் நோட்டு ஒன்று கிடைத்தது. எல்லாம் தமிழில் கைப்பட எழுதியது. அதைத் தானே படிக்க வேண்டும், எனக்கு அ ஆவிலிருந்து கற்றுக் கொடுங்கள் ஆன்ட்டி என்கிறாள். அடுத்த வாரம் ஆரம்பிக்கலாம் என்று சொல்லிச் சொல்லியே மூன்று மாதமாகிறது.